மூன்றாவது ரீலில் வந்த கண்ணீர்

விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

நான் அழுதுகொண்டிருந்தேன். இமையோரம் ஒரு துளி நிற்குமே, அந்த மாதிரி நாசூக்கான அழுகை இல்லை. மூக்கு சிவந்து, மை வழிந்து, முந்தானையில் பாதி நனைந்துபோன அழுகை. சினிமா பார்த்து அழுவது ஒன்றும் உலக அதிசயம் இல்லை. ஆனால் அன்று அந்த ஹாலில் நடந்துகொண்டிருந்தது சினிமா மட்டும் இல்லை. என்னைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள்.

நடைவழிக்கு அந்தப் பக்கம் ஆண்கள் வரிசையில் மாப்பிள்ளையும் அவருடைய அப்பாவும். இந்தப் பக்கம் பெண்கள் வரிசையில், எனக்கு மூன்று நாற்காலி தள்ளி, மாப்பிள்ளையின் அம்மா. விளக்கு எரிந்ததும் ஆசையாக என் பக்கம் திரும்பினார். பார்த்தார். அவர் முகம் அப்படியே வாடிப்போயிற்று. நடைவழியைத் தாண்டிக் குனிந்து கணவரிடம் சொன்னது எனக்கும் கேட்டது.

"ஏனுங்க, புள்ளைக்கு இஷ்டமில்லையாட்ட இருக்குதுங்க. அழுவுது பாருங்க."

எனக்கு இஷ்டமில்லை என்று யார் சொன்னது? ஒரு மணி நேரமாக எனக்கு எவ்வளவு இஷ்டம் என்று எனக்கல்லவா தெரியும். நான் அழுதது படத்துக்காக. ஆனால் இதைச் சொன்னால் நம்புவார்களா? அந்த ஹாலில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர், படத்தில் இதுவரை ஒன்றுமே நடக்கவில்லை என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்யத் தயாராக இருந்தார்கள். ஒன்றுமே நடக்காத படத்துக்கு ஒருத்தி எப்படி அழுவாள்?

எதிர்பாராத சந்திப்புகள்

எங்கள் பக்கத்தில் அப்போதெல்லாம் வீட்டுக்கு வந்து பெண் பார்ப்பது இரண்டாம் கட்டம். வந்து, பஜ்ஜி தின்றுவிட்டு, வேண்டாமென்று போனால் தெருவெல்லாம் பேச்சாகிவிடும். அதனால் முதலில் வெளியே எங்காவது இரண்டு குடும்பமும் எதிர்பாராமல் சந்தித்துக்கொள்ள வேண்டும். நாள், நேரம், நான் உடுத்தப்போகும் சீலையின் நிறம், எல்லாம் ஒரு வாரம் முன்னதாகவே பேசிவைத்துக்கொண்டு எதிர்பாராமல் சந்திப்போம்.

எனக்கு அப்படி ஏற்கெனவே இரண்டு சந்திப்புகள் ஆகியிருந்தன. பேரூர்க் கோயிலுக்கு வந்தவர் சாமியைப் பார்க்காமல் என் நடையில் கோளாறு உண்டா என்று காலையே பார்த்துக்கொண்டு பின்னால் வந்தார். வேண்டாம் என்றேன். பொருட்காட்சிக்கு வந்தவர் ராட்டினத்தில் ஏறி இறங்கி என் நங்கையின் செருப்பின் மேல் வாந்தி எடுத்துவிட்டார். அண்ணன் மனைவியை நாங்கள் நங்கை என்போம். பாவம், உடம்புக்கு முடியாமல் நடந்ததுதான். ஆனாலும் அதற்குப் பிறகு அவர் முகத்தைப் பார்த்தால் எனக்கும் நங்கைக்கும் சிரிப்பு நிற்கவில்லை. அதையும் வேண்டாம் என்றேன்.

எனக்கு இருபத்து நாலு வயது. ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். காந்திபுரத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த அப்பா அதட்டிப் பேசுகிறவர் இல்லை.

"ரெண்டு தடவை வேண்டான்னு சொன்னே கண்ணு, நான் வாயத் தொறக்கலை. மூணாவதும் உன்ற இஷ்டந்தான். ஆனா ஊர் வாயின்னு ஒண்ணு இருக்குது பாரு" என்று மட்டும் சொன்னார்.

மூன்றாவது இடம் கருமத்தம்பட்டி. தறிக்காரக் குடும்பம். பையன் பெயர் கோவிந்தராஜ். பீளமேட்டில் ஒரு பம்புசெட்டுக் கம்பெனியில் எஞ்சினீயர். ஜாதகம் பொருந்தியது. எங்கே சந்திப்பது என்பதுதான் பிரச்சினை. கோயிலும் பொருட்காட்சியும் ராசியில்லை என்று ஆகிவிட்டது. சினிமாக் கொட்டகையில் சந்திக்கலாம் என்று கருமத்தம்பட்டியிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். அப்பா திடுக்கிட்டுப் போனார்.

அப்பாவுக்குச் சினிமா ஆகாது. கல்யாணமான புதிதில் அம்மாவை டூரிங் கொட்டகைக்குக் கூட்டிப்போனாராம். திரையில் ஒருத்தி ஆட ஆரம்பித்ததும், துண்டை எடுத்து அம்மாவின் கண்ணை மூடிவிட்டாராம். ஆட்டம் முடிந்த பிறகுதான் எடுத்தாராம். "உங்கப்பன் கண்ணை ஆரு மூடுனாங்கன்னு கேளு" என்பாள் அம்மா. அப்பா அந்த நேரம் பார்த்துக் கடைச் சாவியைத் தேடுவார்.

பாட்டே இல்லாத படம்

அப்போதுதான் தாமோதரன் சார் தன் சைக்கிளுக்கு பிரேக் கட்டை மாற்ற வந்தார். ஒரு கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவர். எங்கள் ஊரில் அப்போது புதிதாக முளைத்திருந்த ஃபிலிம் சொசைட்டிக்கு அவர்தான் காரியதரிசி. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வெளிநாட்டுப் படம் போடுவார்கள். அவரிடம் அப்பா விசாரித்ததை நான் கடைக்குள்ளிருந்து கேட்டேன்.

"ஏனுங்க சார், இந்த மாசப் படத்துல பாட்டு இருக்குதுங்களா?"

"ஒரு பாட்டுக்கூட இல்லைங்க."

"ஆட்டம்?"

"நடக்கறதே மெதுவாத்தானுங்க நடப்பாங்க."

"இந்தக் கட்டிப்புடிக்கிறது, கிட்டிப்புடிக்கிறது…"

"ரெண்டே பேருங்க படத்துல. புருசனும் பொஞ்சாதியும். ஒருத்தரை ஒருத்தர் தொடறதே இல்லைங்க. பேசறதுகூட அத்திபூத்தாப்பலதான்."

அப்பா நெற்றியில் கைவைத்துக்கொண்டார். இப்படி ஒரு படத்தை எடுக்க உலகத்தில் ஒரு புண்ணியவான் இருக்கிறானா என்று அவருக்கு ஒரே வியப்பு. "இதுதானுங்க சார் குடும்பப் படம்" என்றார். கருமத்தம்பட்டிக்கும் சம்மதம். வருகிற ஞாயிறு பத்து மணிக்கு எதிர்பாராமல் சந்திப்பது என்று முடிவாயிற்று. மறுபடி துண்டால் கண்ணை மூடிக்கொள்ள நான் வரவில்லை என்று அம்மா மட்டும் வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

சொசைட்டி படம் போடுவது ஒரு மில்லின் ஸ்டாஃப் கிளப்பில். டேபிள் டென்னிஸ் மேசையை ஓரமாக ஒதுக்கிவிட்டு மடக்கு நாற்காலி போடுவார்கள். ஜன்னலுக்கெல்லாம் பவானி ஜமக்காளத்தைக் கட்டி இருட்டாக்குவார்கள். அப்படி இருட்டாக்கியதைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. பெண் பார்க்க முதலில் என்ன வேண்டும்? வெளிச்சம் வேண்டும். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் பாட்டைப் பற்றி யோசித்தார்கள், ஆட்டத்தைப் பற்றி யோசித்தார்கள், விளக்கைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை.

சரி, திரை வெளிச்சமாவது இருக்கும் என்று பார்த்தால், அந்தப் படம் கறுப்பு வெள்ளையில்கூட வெள்ளையைச் சிக்கனமாகச் செலவழித்த படம். வறண்ட மேட்டில் ஒரு கல் வீடு. உள்ளே இருட்டு. வெளியே ஒரு கிணறு, அதற்குள்ளும் இருட்டு. எப்போதாவது வானத்தைக் காட்டுவார்கள். அப்போது ஹாலில் கொஞ்சம் வெளிச்சம் பரவும். உடனே மாப்பிள்ளையின் அம்மா முன்னால் சாய்ந்து என்னை எட்டிப்பார்ப்பார். அவர் கண்ணுக்கு என் முகம் பிடிபடுவதற்குள் கேமரா மறுபடியும் கிணற்றுக்குள் இறங்கிவிடும். "இந்த வானத்தைச் சித்த நேரம் காட்டுனா என்னவாம்" என்று அவர் முணுமுணுத்ததும் நங்கை என் தொடையில் கிள்ளினாள். எனக்குச் சிரிப்பு அப்போதே தொடங்கிவிட்டது.

நல்ல வேளையாக இருந்தது ஒரே ப்ரொஜெக்டர். ஒரு ரீல் முடிந்து அடுத்ததை மாட்டும்வரை விளக்கைப் போடுவார்கள். மொத்தம் நாலு ரீல். ஆக எங்களுக்கு வாய்த்தது மூன்று வெளிச்சம்.

முதல் வெளிச்சத்தில் நான் அவரைப் பார்த்தேன். ஒல்லியாக, காது கொஞ்சம் பெரிதாக இருந்தார். பக்கத்தில் அவருடைய அப்பாவின் நாற்காலி ஒரு கால் குட்டையாகி ஆடிக்கொண்டே இருந்தது. மாப்பிள்ளை குனிந்து, கையிலிருந்த தாளை எட்டாக மடித்து அந்தக் காலுக்கு அடியில் செருகினார். ஆட்டம் நின்றது. அது தாமோதரன் சார் மூன்று இரவு விழித்து எழுதி, உருட்டச்சில் எடுத்து, வாசலில் நின்று ஆளுக்கொன்றாகக் கையில் திணித்த திரைப்பட விளக்கக் குறிப்பு. நிமிர்ந்தவர் நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார். அவருடைய பெரிய காதுகள் இரண்டும் சிவந்தன.

அப்போதே எனக்குப் பிடித்துவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், நடைவழியைத் தாண்டிப்போய் இன்னொரு நாற்காலியை ஆட்டிவிட்டு வரலாமா என்றுகூடத் தோன்றியது.

ஏழரை

இரண்டாவது ரீலில் ஹால் இரண்டாகப் பிளந்தது.

கதையைச் சொல்லிவிடுகிறேன், ஒரு மூச்சில் முடிந்துவிடும். அந்தப் புருஷன் தினமும் கிணற்றில் வாளியை இறக்குகிறான். தண்ணீர் கீழே கீழே போகிறது. கயிறு எட்டவில்லை. வீட்டிலிருக்கும் துணியை ஒவ்வொன்றாகக் கயிற்றோடு முடிந்து நீளமாக்குகிறான். அவ்வளவுதான். ஆனால் வாளி இறங்குவதை அவர்கள் காட்டியது நிஜமாக வாளி இறங்குகிற நேரம். ஏறுவதைக் காட்டியது நிஜமாக ஏறுகிற நேரம்.

இதை எந்த ஊரில் போட்டுக் காட்டுகிறார்கள் என்று பாருங்கள். கோயமுத்தூரில். ஹாலில் பாதிப்பேர் மோட்டார் பம்பு செய்கிறவர்கள், மீதிப்பேர் தோட்டத்துக் கிணற்றோடு மல்லுக்கட்டுகிறவர்கள். வாளி மூன்றாம் முறை இறங்கியபோது, இருட்டிலிருந்து ஒரு பெரியவரின் குரல் ரொம்ப மரியாதையாகக் கேட்டது.

"ஏனுங்க, தண்ணி வந்துருச்சுங்களா?"

ஹாலே குலுங்கியது. கல்லூரிப் பையன்கள் வரிசையிலிருந்து "உஸ்" என்று பாம்பு மாதிரி சீறினார்கள். நானும் நங்கையும் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினோம். நல்ல வேளையாக இரண்டாவது வெளிச்சம் வந்தது நான் சிரித்துக்கொண்டிருக்கும்போது. "சிரிச்ச மொகமா இருக்குதுங்க" என்று மாப்பிள்ளையின் அம்மா கணவரிடம் சொன்னார். அப்பா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். எல்லாம் தேரோட்டம் மாதிரி போய்க்கொண்டிருந்தது.

அதற்குள் ஆண்கள் பக்கத்தில் கணக்குத் தொடங்கிவிட்டது. ஐந்து குதிரை சக்தி மோட்டார் ஒன்றைப் போட்டால் படம் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும் என்றார் ஃபவுண்டரி வைத்திருந்த ஒருவர்.

"அஞ்சு பத்தாதுங்க. கயித்து நீளத்தைப் பாத்தா ஏழரை வேணுங்க" என்றார் கோவிந்தராஜ்.

பெண் பார்க்க வந்த இடத்தில் வாயைத் திறந்ததும் முதல் வார்த்தை ஏழரையா என்று நங்கை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் அதற்கும் சிரித்தேன்.

சீலை

மூன்றாவது ரீலில் அவர்கள் வீட்டு ஜன்னல் திரை போயிற்று, படுக்கை விரிப்பு போயிற்று. இன்னும் எட்டவில்லை. புருஷன் வாசலில் வந்து நிற்கிறான், ஒன்றும் கேட்கவில்லை. பெண்டாட்டி உள்ளே போகிறாள். பெட்டியைத் திறந்து அடியிலிருந்து அவளுடைய கல்யாண உடுப்பை எடுக்கிறாள். அது ஏதோ வெளிநாட்டு அங்கி. எனக்கு அது கூரைப்புடவையாகத்தான் தெரிந்தது. அழவில்லை, முகர்ந்து பார்க்கவில்லை. எத்தனை முழம் தேறும் என்று கையால் அளந்தாள். பல்லால் ஓரத்தைக் கடித்துக் கிழித்தாள். முடிச்சுப் போட்டு அவனிடம் கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

சற்று முன்புவரை சிரித்துக் குலுங்கியவளுக்கு என்ன ஆயிற்று என்று எனக்கே தெரியவில்லை. அந்த அளந்த கை. அதுதான் என்னை என்னவோ செய்துவிட்டது. ஒன்றரை மணி நேரம் அழுத்திவைத்த சிரிப்பும் சேர்ந்துகொண்டதோ என்னவோ, அணை உடைந்தது மாதிரி அழுதேன்.

அப்போது விளக்கைப் போட்டார்கள். அந்த இடத்தில்தான் இந்தக் கதையைத் தொடங்கினேன்.

மாப்பிள்ளையின் அம்மா ஏன் அப்படி வாடிப்போனார் என்பது நாலாவது ரீல் ஓடும்போது தெரிந்தது. நங்கை நைசாக அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, படத்துக்குத்தான் அழுகிறாள் என்று சொல்லிப் பார்த்தாள்.

"இந்தப் படத்துக்கா அம்மணி அழுவாங்க? கெணத்தையும் வாளியையும் பாத்தா?" என்றார் அவர். கோபமே இல்லை. "எங்க சின்ன மாமன் ஊட்ல இப்படித்தான் அழுவற புள்ளையைக் கட்டிக் கூட்டியாந்தாங்க. அஞ்சு வருசம் அது சிரிச்சு நான் பாக்கலை. அந்தப் பாவம் நமக்கு வேண்டாமுங்க. புள்ளைய அடிக்காதீங்க, வையாதீங்க. நாங்க வேண்டான்னு சொன்னதா இருக்கட்டும்."

எவ்வளவு நல்ல மனுஷி. அவர் திட்டியிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை. இவ்வளவு நல்லவர் வீட்டுக்கு, அந்தக் காது சிவக்கிறவருக்கு, நான் வேண்டாமென்று ஆகிக்கொண்டிருந்தது. அழுத பெண் என்ற பெயர் வேறு வரும். பிறகு யார் என் பக்கம் எட்டிப்பார்ப்பார்கள்? என் கல்யாணம், அந்தப் படம் நல்ல படமா இல்லையா என்பதில் போய் மாட்டிக்கொண்டது.

கருத்துக் கூட்டம்

படம் முடிந்ததும் யாரும் எழுந்து பேசலாம் என்பது சொசைட்டி வழக்கம். பாதியில் எழுந்து போனவர்களும் தூங்கியவர்களும் பேசக்கூடாது என்பது தாமோதரன் சாரின் கண்டிப்பான விதி. புதிதாக வந்த உறம்பரை, அதாவது விருந்தாளிகள் என்று எங்கள் இரண்டு குடும்பத்தையும் அவர் கட்டாயப்படுத்தி உட்காரவைத்தார்.

எங்கள் ஊர்க்காரர்கள் ஒரு படத்தைக் கிழித்துத் தொங்கவிடும்போதும் ஒரு 'ங்க' குறையாது. ஃபவுண்டரிக்காரர் முதலில் எழுந்தார்.

"நெம்ப நல்லாத்தான் எடுத்திருக்கறாங்க. தப்பாச் சொல்லக் கூடாது. ஆனா ஒரு கெணத்தைப் பாக்கறதுக்கு ஞாயித்துக்கிழமை எண்ணெ தேச்சுக் குளிச்சுட்டு இத்தனை தூரம் வரோணுங்களா? எங்க தோட்டத்துல இதைவிட நல்ல கெணறு இருக்குதுங்க. எல்லாரும் வாங்க, எளநி வெட்டித் தாரேன்."

ஒரே கைதட்டல். கல்லூரிப் பையன் ஒருவன் துள்ளி எழுந்தான். "இது வாழ்க்கைங்க. வாழ்க்கை இப்படித்தானுங்க மெதுவா இருக்கும்."

"அதுதான் ஊட்லயே இருக்குதுங்களே தம்பி" என்றது பின்வரிசை.

கோட்டைமேட்டில் அத்தர் கடை வைத்திருந்த பாய் ஒருவர், சொசைட்டியில் முதல் நாளிலிருந்து உறுப்பினர், எழுந்து வணக்கம் சொன்னார். "வாளி எறங்கும்போது கண்ணசந்தேன். முழிச்சுப் பார்த்தா அதே வாளி ஏறிட்டிருக்குது. இவ்வளவு நிம்மதியா நான் தூங்கி வருசக் கணக்காச்சு. அடுத்த மாசமும் வருவேன்." தூங்கியவர் பேசக்கூடாது என்று தாமோதரன் சார் அவரை உட்காரவைத்தார். பாய் சந்தோஷமாக உட்கார்ந்தார்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை. ஒன்றுமில்லாத படம் என்று ஒவ்வொருவர் சொல்லும்போதும் மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்து இன்னும் கொஞ்சம் இரக்கப்பட்டார். அவர் குடையைக் கையில் எடுத்துவிட்டதைப் பார்த்தேன்.

எழுந்துவிட்டேன். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் எழுந்து நின்று சபையில் பேசுவது அதுவரை எங்கள் வட்டாரத்தில் நடந்திருக்காது. எங்கள் பக்கம் வந்து உட்கார்ந்திருந்த அப்பா என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். நான் முந்தானையை இழுத்துக்கொண்டேன்.

"படத்துல ஒண்ணும் நடக்கலைங்கறீங்க. ஒருத்தி தன்னோட கல்யாணச் சீலைய முழம் போட்டாளே, அது நடக்கலைங்களா? உங்க ஊட்ல யாராவது கூரைப்புடவைய வாளிக்கயிறாக்கியிருக்கறாங்களா? நான் அதுக்குத்தான் அழுதேன். எனக்கு வேற ஒரு வெசனமும் இல்லை. நான் நெம்பச் சந்தோசமாத்தான் இருக்கறேன்."

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது மறுபடியும் அழுகை வந்து தொலைத்தது. சந்தோஷமாக இருக்கிறேன் என்று விம்மி விம்மிச் சொன்னால் யார் நம்புவார்கள்? மாப்பிள்ளையின் அம்மா சீலைத் தலைப்பால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்காகத்தான், படத்துக்காக இல்லை.

அப்போது ஆண்கள் பக்கத்தில் கோவிந்தராஜ் எழுந்தார்.

"எனக்குப் படம் புடிக்கலைங்க" என்றார். நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். "ஆனா அவங்க சொல்றது நெசங்க. படத்துக்குத்தான் அழுதாங்க. அந்தம்மா பொட்டியத் தொறக்கற வரைக்கும் அழுவலை. தொறந்த கதவு வெளிச்சத்துல நல்லாத் தெரிஞ்சுதுங்க, துணிய எடுத்ததும் உதட்டைக் கடிச்சாங்க. கையில அளக்கும்போது கண்ணுல தண்ணி வந்துது. கிழிக்கிற சத்தத்துக்கு மொகத்தை மூடிட்டாங்க. முன்னால எல்லாஞ் சிரிப்புத்தானுங்க. வானம் வந்தப்பல்லாம் பாத்தேன்."

தாமோதரன் சாருக்கு மட்டும்தான் அதில் ஒரு சந்தேகம் வந்தது.

"இருங்க தம்பி. அப்ப நீங்க படத்தை எப்பப் பாத்தீங்க?"

அந்தக் காதுகள் சிவந்ததே, நான் என் ஆயுசில் அப்படி ஒரு சிவப்பைப் பார்த்ததில்லை.

"படத்தைப் பாக்கலைங்க" என்றார்.

கூரைத் தகரம் பறந்துவிடும்போல ஒரு சிரிப்பு. பையன்கள் விசிலடித்தார்கள். பாய் எழுந்து நின்று கைதட்டினார். அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார், இந்த முறை தன்னுடைய முகத்தை. படம் பார்க்காதவர் கருத்துச் சொன்னது செல்லாது என்று தாமோதரன் சார் மேசையைத் தட்டிக்கொண்டே இருந்தார், யாரும் கேட்கவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்து வந்து என் அப்பாவிடம், "ஏனுங்க, நான்தான் தப்பா நெனச்சுப்போட்டேன். புள்ளையக் கேளுங்க. சரின்னா பூ வெச்சுப்போடலாங்க" என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். நங்கை என்னைப் பார்த்தாள். ஹாலே பார்த்தது. சரி என்று சொல்லியிருக்க வேண்டாமா? எனக்கென்று ஒரு குணம் இருக்கிறதே. எனக்குள் பூரிப்பு ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். பார்க்கவே பார்க்காமல் படம் பிடிக்கவில்லை என்று எப்படிச் சொல்லலாம்?

"அவங்க படத்தை ஒருக்கா முழுசாப் பாக்கட்டும். அப்புறம் சொல்றேன்" என்றேன்.

திங்கட்கிழமை

படப்பெட்டி மறுநாள் சாயங்கால ரயிலில்தான் சென்னைக்குத் திரும்ப வேண்டும். தன் வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் மறுபடியும் போடச் சொல்லிக் கேட்டதில் தாமோதரன் சாருக்குத் தலைகால் புரியவில்லை. கல்லூரிக்கு மட்டம் போட்டுவிட்டு மில் எலெக்ட்ரீஷியனைக் கெஞ்சிக் கூட்டிவந்தார். நான் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொன்னேன். கோவிந்தராஜ் கம்பெனிக்கு என்ன சொன்னாரோ தெரியாது.

காலை பத்து மணிக்கு அவரை முன்வரிசையில் தன்னந்தனியாக உட்காரவைத்தோம். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நிபந்தனை. ஆறு வரிசை தள்ளி நான், நங்கை, அப்பா, மாப்பிள்ளையின் அம்மா.

வாளி இறங்கியது. ஏறியது. நான் படத்தைப் பார்க்கவில்லை. அவருடைய பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மனிதரின் பின்தலை எவ்வளவு குறைவாகத் தகவல் தருகிறது என்று அன்றுதான் தெரிந்தது. தூங்குகிறாரா, யோசிக்கிறாரா, மோட்டார் கணக்குப் போடுகிறாரா, ஒன்றும் பிடிபடவில்லை. பெட்டி திறந்தது, துணி கிழிந்தது. பிடரி அசையவில்லை. எனக்கு மெல்லப் பயம் வந்தது. இவர் மறுபடியும் பிடிக்கவில்லை என்றால் நான் என்ன செய்வேன்? வீம்புக்கு வேண்டாம் என்று சொல்லித் தொலைப்பேனா? நான் சொல்லக்கூடியவள்தான்.

நாலாவது ரீல் முடிந்து விளக்கைப் போட்டார்கள். அவர் எழவில்லை. வெறும் திரையைப் பார்த்தபடி, திரும்பாமலேயே பேசினார். நிபந்தனை முடிந்துவிட்டதென்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

"நேத்து ஏழரை ஹெச்பி போட்டாச் செரியாப் போயிரும்னு சொன்னனுங்க. அது தப்புங்க. அந்தக் கெணத்துல தண்ணியே இல்லைங்க. ரெண்டாவது ரீல்லயே வாளியில ஒட்டியிருக்கறது ஈரமில்லை, காஞ்ச மண்ணுங்க. எந்த மோட்டாரை வெச்சும் ஒண்ணும் ஆகாதுங்க."

தாமோதரன் சார் ரீலைச் சுற்றுவதை நிறுத்தினார்.

"அது அந்தம்மாவுக்கும் தெரியுதுங்க. வாளியக் கழுவறவங்க அவங்கதானுங்களே. தண்ணி இல்லைன்னு தெரிஞ்சுதான் சீலையைக் கிழிச்சுக் குடுக்கறாங்க. அவரு இன்னிக்கு ஒரு நாளைக்காவது நம்பிட்டிருக்கட்டும்னு…"

பின்னாலிருந்து பார்த்தபோது அந்தக் காதுகள் சிவந்திருந்தன.

முந்தானை நனைய அழுதவள் நான். சபையில் எழுந்து நின்று படத்துக்காக வாதாடியவள் நான். அந்த வாளியின் அடியில் ஒட்டியிருந்த மண் என் கண்ணில் படவில்லை. நான் சீலை போயிற்றே என்றுதான் அழுதேன். அவள் எதற்காகக் கொடுத்தாள் என்பது எனக்குத் தெரியவே இல்லை.

"சரிங்கப்பா" என்றேன். எனக்கே கேட்கவில்லை, அவ்வளவு மெதுவாக. இன்னொரு முறை சத்தமாகச் சொன்னேன்.

அவருடைய அம்மா மடியிலிருந்த வாழையிலைப் பொட்டணத்தைப் பிரித்தார். உள்ளே மல்லிகைப் பூ இருந்தது.

"தலையக் குனி கண்ணு" என்றார்.

குனிந்தேன்.